பாட்டு அலைகிறதா? ஜூக்பாக்ஸ் டர்ன்டேபிளின் வேகத்தை நிலைநிறுத்தும் முறை

ஜூக்பாக்ஸ் என்பது, தேர்ந்தெடுத்த இசைத்தட்டைத் தானே எடுத்துப் பாடும் பெட்டி. பழைய ஜூக்பாக்ஸில் சுருதி நிலையில்லாமல் பாட்டு அலைகிறது என்று வருபவர்களில் பலர், மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் விளிம்புள்ள ஐட்லர் சக்கரம் ஒன்றையும் கையோடு புதிதாக வாங்கி வந்துவிடுகிறார்கள். ரப்பர் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சில இயந்திரங்களில் அது உண்மையாகவே போதும். மற்றவற்றில் புது ரப்பரோடும் பாட்டு அப்படியேதான் அலையும். அதன்பின் மோட்டார், ஸ்பிரிங், ஊசி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். நான் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு பாட்டை முழுவதுமாகக் கேட்கிறேன். அலைவுக்கு ஒரு கால அளவு உண்டு. அதைப் பிடித்துவிட்டால் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கணக்கு எளியது. நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் 45 இசைத்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.33 வினாடி ஆகிறது. பெரும்பாலான பழைய இயந்திரங்களில் மோட்டாரின் புல்லி ஐட்லரைச் சுழற்றும். ஐட்லர் கனமான சுழல்தட்டின் உள்விளிம்பை உரசித் தள்ளும். உள்விளிம்பின் விட்டம் 190 மில்லிமீட்டர், ஐட்லரின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் ஐட்லர் 3.8 சுற்றுச் சுற்றியிருக்கும். வினாடிக்கு ஏறக்குறைய மூன்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் கீழே, பளுவோடு 1,430 அளவில் ஓடும் என்று கொண்டால், அது வினாடிக்கு 24.

இனி காது சொல்வதை இந்தக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். சுருதி 1.33 வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கினால் குறை சுழல்தட்டிலோ இசைத்தட்டிலோ இருக்கிறது. வினாடிக்கு மூன்று முறை துடித்தால் ஐட்லர். அலைவாகவே தெரியாமல் நீண்ட கார்வைகள் மட்டும் கரகரத்தால் மோட்டார் தண்டு அல்லது புல்லி. எந்த ஒழுங்கும் இல்லாமல் நினைத்தபோது தொய்ந்து நினைத்தபோது மீண்டால் எங்கோ வழுக்குகிறது, அல்லது எங்கோ இறுகுகிறது. உங்கள் இயந்திரத்தின் விளிம்பையும் ஐட்லரையும் அளந்து உங்களுக்கான எண்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை அந்தத் தாள் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இதைக் கேட்க எல்லாப் பாட்டும் உதவாது. மேளமும் கைதட்டலும் நிறைந்த பாட்டில் அலைவு ஒளிந்துகொள்ளும். பியானோவின் ஒற்றைத் தட்டு மெல்ல அடங்கும் இடம், புல்லாங்குழலின் நீண்ட கார்வை, தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கம் ஆகியவற்றில் அது ஒளிய இடமில்லை. குரலில் இயல்பாகவே அசைவு இருப்பதால் குரலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

மின்இணைப்பைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. வால்வு ஆம்ப்ளிஃபையர் உள்ள பெட்டியில் பெரிய கெபாசிட்டர்கள் சில நூறு வோல்ட்டைப் பிடித்துவைத்திருக்கும்; அணைத்த பிறகும் அது தங்கும். சில நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகலாம். பழைய பெட்டிகள் பலவற்றில் இரண்டு கம்பி ஒயர்தான், எர்த் கிடையாது. 117 வோல்ட் இயந்திரத்தை 230 வோல்ட்டில் ஓட்டும் டிரான்ஸ்ஃபார்மர் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர, மின்கம்பியிலிருந்து இயந்திரத்தைப் பிரித்துவைக்காது. இது தெரியாமல் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது ஆபத்து.

இன்னொன்று: இது வெறும் டர்ன்டேபிள் அல்ல. இசைத்தட்டைத் தூக்கி வைக்கும் கையும், வரிசையில் ஓடும் வண்டியும் எதிர்பாராத நேரத்தில் நகரும். விரல் நசுங்கினால் அது தானாக நிற்காது. ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய கட்டங்களில் சட்டைக்கையை மடித்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

முதலில் அளவு

இசைத்தட்டின் ஓரத்தில் சிறு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, ஊசி பாடிக்கொண்டிருக்கும்போதே 90 சுற்று எண்ணுங்கள். சரியாக 120 வினாடி ஆக வேண்டும். ஒரு வினாடி கூடினாலோ குறைந்தாலோ வேகத்தில் 0.8 சதவீதம் பிசகு. ஊசி இல்லாமல் வெறும் தட்டை எண்ணிப் பயனில்லை. ஊசியின் இழுப்பு இருக்கும்போதுதான் வலுவற்ற இயக்கம் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை இருந்தால் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். அதைத் தட்டின்மேல் வைத்துச் சுழலவிட்டு, மின்சாரத்தோடு துடிக்கும் விளக்கில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 45 வேகத்துக்கு 160 கோடு. கணக்குக் கச்சிதமாக விழும். 50 ஹெர்ட்ஸில் 133.33 வருகிறது, மூன்றில் ஒரு பங்குக் கோட்டை அச்சடிக்க முடியாது என்பதால் 133 கோடு போடுகிறார்கள். ஆகவே வேகம் சரியாக 45 ஆக இருந்தாலும் கோடுகள் அசையாமல் நிற்காது. நிமிடத்துக்கு 15 கோடு என்ற கணக்கில் மிக மெதுவாகப் பின்னோக்கி நகரும். அதைக் கண்டு பதற்றப்பட்டு வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் துடிப்புத் தெரியாது. மின்சாரத்தோடு இணைத்த நியான் விளக்கின் வெளிச்சம் இதற்கு நன்றாக இருக்கும்.

இந்த அட்டையை முழுவதும் நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றுகிறது. விளக்கின் துடிப்பும் அதையேதான் பின்பற்றுகிறது. ஜெனரேட்டரில் அதிர்வெண் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். அட்டையில் கோடு அசையாது, பாட்டு மட்டும் தொய்ந்திருக்கும். ஆகவே கடிகாரத்தை வைத்து எண்ணும் சோதனையை ஒருமுறையாவது செய்துவிடுங்கள். 3,150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைத் தட்டும் அதைக் கேட்டு வரைந்து காட்டும் கைபேசிச் செயலியும் இருந்தால் அலைவின் கால அளவைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இசைத்தட்டைச் சந்தேகப்படுங்கள்

1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 45 தட்டின் நடுத்துளை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். 1950-இல் சீபர்க் எம்100பி இதை ஜூக்பாக்ஸுக்குள் கொண்டுவந்தது. அகலமான துளை இயந்திரக் கைகளுக்கு வசதிதான். ஆனால் அது மையத்தில் குத்தப்படாமல் இருந்தாலோ, ஆண்டுக்கணக்கில் தேய்ந்து விரிந்திருந்தாலோ, எவ்வளவு நல்ல டர்ன்டேபிளாலும் அந்தத் தட்டை நேராகப் பாடவைக்க முடியாது. பள்ளத்தின் ஆரம் 60 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் மையம் வெறும் 0.2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே வேகம் மேலும் கீழும் மூன்றில் ஒரு சதவீதம் அலையும். பியானோவில் இது நன்றாகவே கேட்கும்.

கண்டுபிடிப்பது எளிது. ஊசிக்கையை முன்னிருந்து பாருங்கள். சுற்றுக்கு ஒருமுறை பக்கவாட்டில் ஊசலாடினால் துளை மையத்தில் இல்லை. மேலும் கீழும் ஏறி இறங்கினால் தட்டு வளைந்திருக்கிறது. குறைந்தது மூன்று வெவ்வேறு தட்டுகளையாவது போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தட்டு மட்டும் அலைந்தால் இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

வழுக்கலும் உண்டு. பல பேர் பார்க்கத் தவறும் இடம் இதுதான். இசைத்தட்டின் லேபிள் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு, அதற்கு நேராகச் சுழல்தட்டின் மையத்தில் இன்னொரு கோடு போடுங்கள். ஒரு பாட்டை முழுதாக ஓட்டி முடித்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் நின்றால் நல்லது. விலகியிருந்தால் சுழல்தட்டு ஒழுங்காகத்தான் ஓடுகிறது, இசைத்தட்டுதான் அதன்மேல் நழுவுகிறது. தட்டை நிமிர்த்திவைத்துப் பாடும் இயந்திரங்களில் இது கூடுதலாக நடக்கும். அங்கே இசைத்தட்டின் எடை உதவுவதில்லை, அமுக்கிப் பிடிக்கும் பிடியின் அழுத்தம் மட்டுமே அதைச் சுழற்றுகிறது. அமுக்கும் பட்டைகளில் படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, பிடியின் ஸ்பிரிங் முழு அழுத்தம் தருகிறதா என்று பாருங்கள். ஐட்லருக்கும் மோட்டாருக்கும் போகவே தேவையிருக்காது.

சீபர்க் போன்றவற்றில் நிமிர்ந்து நிற்கும் தட்டின் இரண்டு பக்கத்தையும் புரட்டாமலே பாட முடிகிறது. அதற்காகப் பக்கத்துக்குப் பக்கம் சுழலும் திசை மாறும். உங்களுடையது அந்த வகையென்றால் கூலி இல்லாமல் ஒரு சோதனை கிடைக்கிறது: ஒரு பக்கம் மட்டும் அலைந்து மறுபக்கம் சீராகப் பாடினால், ஒரே திசையில் மட்டும் உரசும் அல்லது நழுவும் பாகத்தைத் தேடுங்கள்.

விரல் சொல்வது

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஐட்லரை விளிம்பிலிருந்து விலக்குங்கள். சுழல்தட்டைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வேடிக்கை பாருங்கள். அது நெடுநேரம் ஓசையில்லாமல் ஓடி, யாரும் பிடிக்காதது போல மெல்லத் தளர்ந்து நிற்க வேண்டும். குறுகிய நேரத்தில் நின்றால் அச்சில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கிறது. ஒரே இடத்தில் தயங்கினால் அச்சு வளைந்திருக்கிறது அல்லது எதிலோ உரசுகிறது. ஜூக்பாக்ஸில் உரசுவதற்கு இடங்கள் ஏராளம்: முழுவதும் பின்வாங்காத தட்டு தூக்கும் கை, வளைந்த காவல் தகடு, தன் இடத்தை விட்டு விலகிய ஒயர்க் கட்டு. துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய பாகங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல ஊதி வெடிப்பு விடுவதும் உண்டு. உரசும் பாகத்தில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதை அரத்தால் ராவிப் பிழைக்கவைக்கப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

பாட்டின் கடைசியில் மட்டும் வேகம் தொய்ந்தால் சுழல்தட்டை விட்டுவிடுங்கள். பாட்டு முடிந்ததை உணரும் நெம்புகோலை ஊசிக்கை தள்ளுகிறது. அந்த மூட்டு இறுகியிருந்தால் ஊசி பள்ளத்தின் சுவரில் அழுந்தி இழுக்கும். ஊசியின் எடையையும் இதே நேரத்தில் தராசில் பாருங்கள். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்கு உற்பத்தியாளர் சொன்ன எடைக்கு மேல் இருந்தால் தட்டும் தேயும், வேகமும் குறையும்.

புல்லியும் ஐட்லரும்

மோட்டார் புல்லி சிறியது. அதில் ஒட்டியிருக்கும் அழுக்கும் சிறியதாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் அதன் கனம் புரியும். 190 மில்லிமீட்டர் விளிம்பை 1,430 சுற்று மோட்டாரால் 45 வேகத்தில் ஓட்ட 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லி தேவை. ரப்பர் தேய்ந்து உதிர்ந்த கறுப்புப் படலம் அதன்மேல் சுற்றிலும் 0.05 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறிவிட்டால் விட்டம் 0.1 கூடுகிறது, வேகம் 1.7 சதவீதம் ஏறிவிடுகிறது. படலம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வேகம் ஏறுவதோடு கரகரப்பும் சேரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியை விரல்நகத்தில் சுற்றிக்கொண்டு, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை துடையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், ஒரு கீறல் விழுந்தால் அதுவே ஒரு புதிய துடிப்பாகிவிடும். சுழல்தட்டின் உள்விளிம்பையும் இதே ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அதன்பின் அதை வெறும் விரலால் தொடக் கூடாது.

ஐட்லரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஐட்லர் தேய்ந்து சிறுத்துவிட்டதால் வேகம் குறைந்துவிட்டது என்பார்கள். ஐட்லர் நடுவில் நிற்கும் சக்கரம். புல்லியின் மேற்பரப்பு எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தை அது விளிம்புக்குக் கடத்துகிறது. அது 50 மில்லிமீட்டராக இருந்தாலும் 48 ஆக இருந்தாலும் தட்டின் வேகம் மாறாது. வேகத்தைத் தீர்மானிப்பவை புல்லியின் விட்டமும் விளிம்பின் விட்டமும் மட்டுமே. ஐட்லர் கெடுப்பது வேறு வகையில்: ரப்பர் இறுகி வழுவழுப்பாகி நழுவும், அல்லது வட்டம் கெட்டுத் துடிக்கும்.

வட்டம் கெடுவதற்கு முக்கியக் காரணம், இயந்திரம் பல மாதங்கள் ஓடாமல் நிற்கும்போது ஐட்லர் புல்லியோடு அழுந்தியபடியே கிடப்பது. அந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் விழும். ஒரு சுற்றில் அந்தப் பள்ளம் புல்லியை ஒருமுறையும் விளிம்பை ஒருமுறையும் கடக்கிறது. ஆகவே காதைக் கூர்மையாக்கினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டல் கேட்கும். ரப்பரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றினால் பளபளக்கும் குறுக்குக் கோடாகப் பள்ளம் தெரியும். லேசானதென்றால் சில மணி நேரம் ஓடவிட்டாலே ரப்பர் மீண்டும் எழுந்துவிடுவதுண்டு. எழவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி, அதன் சொந்த அச்சிலேயே வேகமாகச் சுழலவைத்து, 400 எண் உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் ஒட்டி மிக மெல்லத் தொடவைத்துச் சமப்படுத்தலாம். விரலால் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். வட்டம் ஒருபோதும் வராது.

ரப்பரில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து உடனே மறைந்தால் உயிர் இருக்கிறது. நகமே இறங்காமல் வழுக்கினால் மேற்பரப்பைச் சுரண்டுவது தற்காலிக நிம்மதிதான். சக்கரத்துக்குப் புது ரப்பர் வார்த்து, அச்சோடு ஒரே மையத்தில் கடைந்து தரும் தொழிலாளர்களிடம் கொடுங்கள். ஒட்டுநாடா சுற்றுவது, பிசின் தடவுவது, பெல்ட்டுக்கான பிடிப்புத் திரவத்தைப் பூசுவது ஆகியவற்றை நான் ஏற்பதில்லை. ஒட்டுநாடாவின் முனை சுற்றுக்கு இரண்டு முறை தட்டும். பிசின் புல்லியில் ஏறி, மேலே சொன்ன 1.7 சதவீதக் கதையைத் தொடங்கிவைக்கும். பெட்ரோல், அசிட்டோன், துருநீக்கும் ஸ்பிரே எதுவும் ரப்பரின் அருகில் வரக் கூடாது.

ஐட்லரைத் தாங்கும் சிறு அச்சுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் போதும். இரண்டாவது சொட்டு கட்டாயம் ரப்பருக்கு வந்து சேரும். ஐட்லரை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே வலுவுள்ள புது ஸ்பிரிங்கைத் தேடிப் போடுங்கள். வளையங்களை வெட்டிச் சுருக்கி இறுக்கம் கூட்டினால் வழுக்கல் நிற்கும்; அதற்கு விலையாக மோட்டாரின் அதிர்வு முழுவதும் ஊசிக்கு ஏறி, அடுத்த பள்ளமும் சீக்கிரம் விழும்.

பெல்ட்டில் ஓடும் இயந்திரமாக இருந்தால் வேலை குறைவு. பெல்ட்டைத் திருப்பி வளைத்து வெடிப்புப் பாருங்கள், சரியான நீளத்தில் புதியதை மாட்டுங்கள், புல்லியைத் துடையுங்கள். பெல்ட்டின் கனம் மாறினால் வேகமும் சற்று மாறும் என்பதால் கனத்தையும் அளந்து வாங்குங்கள்.

மோட்டார்

தொடக்கத்தில் தொய்ந்து பாடி, சற்று நேரம் ஓடிய பிறகு சரியான சுருதிக்கு வந்துவிடும் இயந்திரங்கள் நிறைய. அப்படி ஒன்று வந்தால் நான் ஐட்லரைப் பார்ப்பதுகூட இல்லை. நேராக மோட்டாரைக் கழற்றுகிறேன். சூடு ஏறினால் இளகும் ஒன்று அதற்குள் இருக்கிறது: பல ஆண்டுகளுக்கு முன் விட்ட எண்ணெய்.

திறப்பதற்கு முன் இரண்டு மூடிகளும் இரும்புத் தகட்டுக் கட்டும் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்று பக்கவாட்டில் ஊசியால் ஒரு கோடு கிழித்துவையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை நேராக இழுங்கள். தண்டின் இரு முனைகளிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எத்தனை, எந்த வரிசை என்பதை அப்போதே எழுதிவிடுங்கள், ஒன்று கீழே விழுந்தாலும் கணக்குத் தப்பிவிடும். சுழலியை வெளியே எடுத்துத் தண்டைப் பாருங்கள். தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்குள் இருந்த பகுதியில் பழுப்பு நிற வார்னிஷ் போல ஒரு பூச்சு இறுகியிருக்கும். புஷ்ஷைச் சுற்றியுள்ள கம்பளி வட்டை விரலால் அழுத்துங்கள். எண்ணெய் கசிய வேண்டிய இடத்தில் அது கருவாட்டுத் துண்டாக விறைத்திருக்கும்.

தண்டை ஆல்கஹாலால் துடையுங்கள். போகாவிட்டால் உலோகப் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்து, பின் பாலிஷின் சுவடே இல்லாமல் கழுவுங்கள். தண்டில் உப்புத்தாள் வேண்டாம். புஷ் நுண்துளைகள் உள்ள வெண்கலம்; தன் உடலுக்குள்ளேயே எண்ணெயைத் தேக்கிவைக்கும்படி செய்யப்பட்டது. கம்பளியை எடுத்துவிட்டு, மூடியிலுள்ள புஷ்ஷைக் கரைப்பானில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலரவிட்டு, பின் எண்ணெயில் மூழ்கவைத்து இளஞ்சூடு காட்டுங்கள். நுண்துளைகளிலிருந்து காற்றுக் குமிழிகள் வெளியேறும். எண்ணெயோடே ஆறவிட்டால் அந்த இடத்துக்கு எண்ணெய் உள்ளே போகும். இதை அவசரப்படுத்தாதீர்கள், திறந்த நெருப்பிலும் செய்யாதீர்கள். புகை வருமளவுக்குச் சூடேற்றத் தேவையே இல்லை. இதற்கு ஐ.எஸ்.ஓ. 32 தரத்து டர்பைன் எண்ணெய் பொருத்தமானது. வாகன இன்ஜின் எண்ணெயில் அழுக்கைக் கரைக்கும் மருந்துகள் கலந்திருக்கும். தாவர எண்ணெய் காற்றில் பிசினாகும். துருநீக்கும் ஸ்பிரே வந்த வேகத்தில் வற்றி, மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். கம்பளிக்கும் அதே டர்பைன் எண்ணெயை ஊறும் அளவுக்கு விடுங்கள், சொட்டும் அளவுக்கு வேண்டாம்.

மூடும்போதுதான் மோட்டாரின் உயிர் இருக்கிறது. புஷ்கள் பெரும்பாலும் ஒரு குழிக்குள் உருண்டை போல் அமர்ந்து, தண்டின் கோணத்துக்குத் தாமே சாய்ந்துகொள்ளும் வகை. திருகுகளை ஒரேயடியாக முறுக்கினால் இரண்டு புஷ்களும் கோணலாகவே பூட்டிக்கொள்ளும். குறுக்கு மூலைகளில் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒவ்வொரு முறுக்குக்குப் பின்னும் புல்லியை இரு விரலால் சுண்டிவிட்டுப் பாருங்கள். அது தளர்வாகச் சில சுற்றுகள் ஓட வேண்டும். இறுகினால் ஸ்குரூடிரைவரின் பிடியால் மூடியின் ஓரத்தை லேசாகத் தட்டுங்கள். சரியான இடத்தில் தட்டியதும் தண்டு திடீரென்று விடுபடுவது விரலுக்கே தெரியும். தண்டை முன்னும் பின்னும் தள்ளினால் மிகச் சிறிய ஆட்டம், 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். துளியும் ஆட்டமில்லை என்றால் சூடேறியதும் இறுகும். முதலில் நன்றாக ஓடிப் பின்பு தொய்யும் இயந்திரங்களுக்கு இது ஒரு காரணம்.

மோட்டாரோடு ஒரு கெபாசிட்டர் இணைந்திருந்தால் அதை அளந்து பார்த்து, மதிப்பு இறங்கியிருந்தால் அதே மைக்ரோஃபாரடிலும் அதே வோல்ட்டுக்குக் குறையாமலும், ஏ.சி. மோட்டாருக்கென்று செய்ததை மாற்றுங்கள். துருவமுனையில் செம்பு வளையம் போட்ட எளிய மோட்டார்களுக்கு அது கிடையாது.

மோட்டாரைத் தாங்கும் ரப்பர் கிரோமெட்டுகளை மட்டும் வயது பார்த்தே மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. அவை அமுங்கிவிட்டால் மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்கிறது; புல்லி ஐட்லருக்கு இணையாக நிற்காமல் கோணலாகிறது; ஐட்லர் புல்லியில் மெல்ல மேலே ஏறி, சட்டென்று கீழே இறங்குகிறது. ஒழுங்கில்லாத அலைவு என்று முதலில் சொன்னேனே, அதற்கு இது அடிக்கடி காரணம். பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பாருங்கள்: ஐட்லரின் விளிம்பும் புல்லியின் பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகத் தொட வேண்டும்.

வேகம் சீர், ஆனால் தவறு

அலைவே இல்லை, பாட்டு முழுவதும் ஒரே அளவில் தாழ்ந்து கேட்கிறது என்றால் இது வேறு நோய். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இயந்திரம் 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 45-க்குப் பதில் 37.5-இல் ஓடும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கிவிடும். பெண் குரல் ஆண் குரலாகும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இதைத் திருத்தாது. அது அதிர்வெண்ணைத் தொடுவதேயில்லை. இருக்கும் புல்லியைவிட 1.2 மடங்கு விட்டமுள்ள புல்லி வேண்டும். 5 மில்லிமீட்டர் என்றால் 6. பல இயந்திரங்களுக்குப் புல்லிமேல் செருகும் உறையாகவே இது செய்யப்பட்டது. உங்களுடையதில் உறை இருக்கிறதா, யாராவது கழற்றிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். கடைசலில் செய்யக் கொடுத்தால் மையப்பிசகு இல்லாமல் கடையச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்து மையம் தவறினால் வேகம் வரும், கரகரப்பும் கூடவே வரும்.

வோல்ட்டை அளக்கும்போது ஆம்ப்ளிஃபையரும் விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாக இருந்தால் பளு இல்லாதபோது 117 காட்டி, எல்லாம் எரியும்போது இறங்கிவிடும். மோட்டார் வலுவிழந்து ஊசியின் இழுப்புக்கே தொய்யும்.

ஒப்படைக்கும் முன்

எல்லாம் பூட்டியதும் பெட்டியின் கதவை மூடி, விளக்குகளோடு ஒரு மணி நேரம் பாடவிடுங்கள். மூடிய பெட்டியில் ஏறும் சூடு, திறந்த மேசையில் தெரியாத இறுக்கங்களை வெளியே கொண்டுவரும். தொடக்கத்திலும் முடிவிலும் 90 சுற்று எண்ணி இரண்டு எண்களையும் அந்தத் தாளில் எழுதுங்கள். ஒரு வினாடிக்குள் வேறுபாடு இருந்தால் நான் கையெழுத்திட்டுக் கொடுப்பேன். தட்டின் வெளிப்புறப் பள்ளங்களிலும் உட்புறப் பள்ளங்களிலும் பியானோத் தட்டைக் கேட்டுவிடுங்கள். அமுக்கிப் பிடிக்கும் பிடியின் பென்சில் கோட்டுச் சோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள்.

இயந்திரத்தை நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் ஐட்லரைப் புல்லியிலிருந்து விலக்கி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒரு சிறு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே கட்டிவையுங்கள். உறையின்மேல் அது எந்தக் கொக்கியில் மாட்ட வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். மீண்டும் திறப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது.